தூதரக வாசல் யாருக்காகத் திறக்கிறது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மன்னர்கள் ஆண்ட காலத்திலும் தூதர்கள் இருந்தார்கள். மக்களாட்சி மலர்ந்துள்ள இக்காலத்திலும் இருக்கிறார்கள். வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் தூது என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூறு காட்டுகிறது. ஆனால் அக்காலத் தூதர் ஒரு காரியத்தின் பொருட்டுச் செல்வார்; காரியம் முடிந்ததும் திரும்பிவிடுவார். இக்காலத் தூதரோ வேற்று நாட்டுத் தலைநகரில் வீடெடுத்துத் தங்கிவிடுகிறார். நிலையான தூதர்களை அமர்த்தும் இவ்வழக்கம் 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிஸ், மிலான் முதலிய நகர அரசுகளிடையே வேரூன்றி, பின்னர் ஐரோப்பா எங்கும் பரவிற்று.

‘தூதர் திருப்பி அழைக்கப்பட்டார்’, ‘தூதரக அதிகாரி வெளியேற்றப்பட்டார்’ என்றெல்லாம் நாளேடுகளில் படிக்கிறோம். இது பெரிய இடத்துச் சங்கதி, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அப்படிப் புரட்டிவிடத்தக்க செய்தியன்று அது. கடல் கடந்து கூலி வேலைக்குச் சென்ற ஓர் ஏழையின் வாழ்வும் அந்தச் செய்தியோடு பிணைந்திருக்கிறது. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறவு தொடங்கும் முறை

இரு நாடுகள் தூதரக உறவு கொள்ள வேண்டுமாயின் இரண்டும் மனமொப்ப வேண்டும். எந்த நாடும் வற்புறுத்தித் தன் தூதரகத்தை இன்னொரு நாட்டில் திறந்துவிட முடியாது. 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் ஆஸ்திரியத் தலைநகரில் உருவான ‘தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை’ இதனைத் தெளிவாகக் கூறுகிறது. 53 விதிகள் கொண்ட இவ்வுடன்படிக்கை 1964-இல் நடைமுறைக்கு வந்தது. உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை இதனை ஏற்றுள்ளன.

பெண் கேட்டுப் போகும் முன், அந்த வீட்டார் மனம் எப்படி என்று ஆள் விட்டு அறிவது நம் ஊர் வழக்கம். தூதரை நியமிப்பதும் ஏறத்தாழ அவ்வாறே. ‘இன்னாரை அனுப்பலாமா?’ என்று முதலில் கமுக்கமாகக் கேட்கப்படும். வேண்டாமென்று மறுப்பதற்கும் உரிமை உண்டு; காரணம் சொல்ல வேண்டியதில்லை. இசைவு கிடைத்த பின்னரே நியமனம் உறுதியாகும். அவ்வாறு வந்து சேரும் தூதர், தம் நாட்டுத் தலைவரின் நியமனப் பத்திரத்தை வந்த நாட்டின் தலைவரிடம் நேரில் அளிக்க வேண்டும். இந்தியாவுக்கு வரும் தூதர்கள் புது தில்லியில் நம் குடியரசுத் தலைவரிடம் அளிக்கிறார்கள்.

வந்திருக்கும் தூதர்களுள் யாருக்கு முதல் மரியாதை? இக்கேள்வி ஒரு காலத்தில் உயிர்களைக் குடித்தது. 1661-இல் இலண்டன் நகரில் ஸ்வீடன் நாட்டுத் தூதரை வரவேற்கும் ஊர்வலத்தில், பிரெஞ்சுத் தூதரின் வண்டி முந்துவதா, ஸ்பானியத் தூதரின் வண்டி முந்துவதா என்று தெருவிலேயே சண்டை மூண்டு பலர் மாண்டனர். 1815-இல் வியன்னாவில் கூடிய மாநாடு இதற்கு எளிய முடிவு கண்டது. நாட்டின் பெருமையோ படைபலமோ கணக்கில்லை. ஒரே நிலையிலுள்ள தூதர்களுள் முன்னால் வந்தவர் முன்னால் நிற்பார் என்பதே அது. நியாயவிலைக் கடை வரிசையின் நியாயம்தான்! இன்றும் வல்லரசின் தூதரானாலும் சின்னஞ்சிறு தீவின் தூதரானாலும் பதவியேற்ற நாளைக் கொண்டே வரிசை அமைகிறது.

தூதரகத்தின் பணிகளை உடன்படிக்கை ஐந்தாக எடுத்துரைக்கிறது. தன் நாட்டின் சார்பாக நிற்பது, தன் நாட்டினரின் நலன்களைக் காப்பது, பேச்சு நடத்துவது, நேரிய வழிகளில் செய்தி அறிந்து தன் அரசுக்கு எழுதுவது, வாணிகம் பண்பாடு அறிவியல் ஆகியவற்றில் நட்பை வளர்ப்பது ஆகியவையே அவை. இவற்றுள் இரண்டாவதாக வரும் பணியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

தூதரகமும் துணைத் தூதரகமும்

தூதரகம் தலைநகரில் இருக்கும். அரசோடு அரசு பேசும் இடம் அது. ஆகவேதான் புது தில்லியின் சாணக்கியபுரியில் தூதரகங்கள் நிறைந்திருக்கின்றன. துணைத் தூதரகமோ துறைமுகங்களிலும் வணிக நகரங்களிலும் இருக்கும்; மக்களோடும் வணிகர்களோடும் மிகுதியாகப் பழகும் இடம் அது. விசா வழங்குதல், தன் நாட்டினருக்குப் பாஸ்போர்ட் புதுப்பித்தல், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்தல், துன்பத்தில் சிக்கியோருக்கு உதவுதல் ஆகியன அதன் அன்றாட வேலைகள். இவற்றுக்கெனத் தனியே 79 விதிகளுடன் ‘துணைத் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை’ 1963-இல் உருவாயிற்று.

சென்னையில் ஜெமினி மேம்பாலத்தருகே இருப்பது அமெரிக்கத் துணைத் தூதரகம். மலேசியா, சிங்கப்பூர், ஜெர்மனி, ஜப்பான், ரஷ்யா முதலிய நாடுகளுக்கும் சென்னையில் துணைத் தூதரகங்கள் உண்டு. பிரான்ஸ் நாடு புதுச்சேரியில் வைத்திருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் அங்கு வாழ்வதே அதற்குக் காரணம். இவ்வாறே நம் நாடும் ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபியில் தூதரகமும் துபாயில் துணைத் தூதரகமும் நடத்துகிறது. சவூதி அரேபியாவில் ரியாத்தில் தூதரகம், ஜித்தாவில் துணைத் தூதரகம்.

‘ஹைகமிஷன்’ என்ற சொல்லும் காதில் விழுகிறது. காமன்வெல்த் நாடுகள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் தூதரகத்திற்கு அப்பெயர். ஆகவே கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் நம் தூதரகம் ‘இந்திய ஹைகமிஷன்’ எனப்படுகிறது. பெயர் வேறே தவிர வேலை ஒன்றே.

துணைத் தூதருக்கும் வந்த நாட்டின் ஒப்புதல் தேவை. இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1792-இல் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன், பெஞ்சமின் ஜாய் என்பவரைக் கல்கத்தாவுக்குத் துணைத் தூதராக நியமித்து அனுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைத் துணைத் தூதராக ஏற்க மறுத்துவிட்டனர். வெறும் வணிக முகவராகத் தங்கிக்கொள்ளலாம் என்று மட்டுமே இசைந்தனர். அனுப்புகிறவர் எவ்வளவு பெரியவராயினும், ஏற்கிறவர் ஏற்றால்தான் பதவி!

தொடக்கூடாத வாசல்

தூதரகம் அமைந்துள்ள நிலம் வெளிநாட்டு நிலம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சாணக்கியபுரியில் எந்தத் தூதரகம் நின்றாலும் அந்த மண் இந்திய மண்ணே. ஆனால் தூதரகத் தலைவரின் அனுமதியின்றி நம் காவல்துறையினர் உள்ளே நுழையக் கூடாது. தூதரைக் கைது செய்யக் கூடாது. குற்ற வழக்குத் தொடுக்கக் கூடாது. தூதரகத்தின் அஞ்சல் பையைத் திறக்கவோ நிறுத்திவைக்கவோ கூடாது. அதே வேளையில், தங்கியிருக்கும் நாட்டின் சட்டங்களை மதிப்பது தூதரின் கடமை என்றும் உடன்படிக்கை சொல்கிறது.

இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைத்ததன்று. 1708-இல் இலண்டனில் இருந்த ரஷ்யத் தூதரைக் கடன் கொடுத்தவர்கள் வண்டியிலிருந்து இழுத்துச் சிறையில் அடைக்கச் செய்தனர். ரஷ்யப் பேரரசர் பீட்டர் வெகுண்டார். பிரிட்டிஷ் பாராளுமன்றம் தூதர்களைக் காக்கத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

தூதர் தவறு செய்தால் என்ன செய்வது? ‘இவர் எங்களுக்கு விரும்பத்தகாதவர்’ என்று அறிவித்து வெளியேற்றலாம். அவரை அனுப்பிய நாடே பாதுகாப்பை விலக்கிக்கொண்டால் வழக்குத் தொடரலாம். இவற்றுக்கு மேல் வழியில்லை. இது அநியாயம் அல்லவா என்று கேட்கத் தோன்றும். 1984 ஏப்ரல் 17 அன்று இலண்டனில் லிபியத் தூதரகத்தின் உள்ளிருந்து சுட்டதில், வெளியே காவல் பணியில் இருந்த பெண் காவலர் ஒருவர் உயிரிழந்தார். பிரிட்டன் அந்தக் கட்டடத்தைச் சூழ்ந்து நின்றது, உள்ளே நுழையவில்லை. பதினோரு நாள் கழிந்தபின் உள்ளிருந்தோரை நாட்டைவிட்டு வெளியேற விட்டது. உறவை முறித்தது. அந்தக் காவலரின் பெற்றோருக்கு இது எத்தகைய வேதனையாக இருந்திருக்கும்! ஆயினும் பிரிட்டனின் தூதரகம் ஒன்று லிபியத் தலைநகரிலும் இருந்ததே! அதனுள்ளே இருந்தவர்களின் உயிரும் எண்ணிப் பார்க்கப்பட வேண்டியதாயிற்று.

இங்குதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இருக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரு குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். நம் பெண் அவர்கள் வீட்டில், அவர்கள் பெண் நம் வீட்டில். சினம் வந்தாலும் கை ஓங்குவதற்கு முன் இரு வீட்டாரும் ஒருகணம் நிற்பார்கள். நாடுகளும் அவ்வாறே நிற்கின்றன. இவ்விதிகளை மீறும் நாட்டைப் பிடித்துச் செல்ல உலகப் போலீஸ் என்று ஒன்றில்லை. தன் ஆள் அங்கே இருக்கிறான் என்ற நினைப்பே காவல்.

இந்தக் காவல் முறிந்ததும் உண்டு. 1979 நவம்பர் 4 அன்று ஈரான் தலைநகர் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 52 பேர் 444 நாள் பிணையாளிகளாக வைக்கப்பட்டிருந்து 1981 ஜனவரி 20 அன்றே விடுதலையாயினர். ஈரான் கடமை தவறியது என்று சர்வதேச நீதிமன்றம் 1980 மே மாதம் தீர்ப்பளித்தது. அமெரிக்கா உறவை முறித்துக்கொண்டது. அப்போதும் முழு மௌனம் ஏற்படவில்லை. ஈரானில் அமெரிக்க நலன்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை 1980-இல் சுவிட்சர்லாந்து ஏற்றது. பேசாத இரு வீட்டாருக்கு இடையே பொதுவான ஒருவர் போய்வருவது போல!

பகையிலும் மூடாத கதவு

நம் நாட்டின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 1962-இல் சீனாவோடு போர் மூண்டது. துணைத் தூதரகங்கள் மூடப்பட்டன. இரு நாடுகளிலும் பல்லாண்டுக் காலம் தூதர்கள் இல்லை. ஆனால் தலைநகரங்களில் இருந்த தூதரகங்கள் மட்டும் மூடப்படவில்லை. பொறுப்பு அதிகாரிகள் அவற்றைக் கவனித்து வந்தனர். 1976-இல் மீண்டும் தூதரை அனுப்ப முடிவானபோது, வீட்டைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. சாத்தியிருந்த கதவைத் திறந்தாலே போதுமாயிருந்தது.

பாகிஸ்தானோடு நமக்குள்ள உறவு யாவரும் அறிந்ததே. 2019 ஆகஸ்டுக்குப் பின் இரு தலைநகரங்களிலும் ஹைகமிஷனர்கள் இல்லாத நிலை ஏற்பட்டது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் ஊழியர் எண்ணிக்கை 55-இலிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டது. மே மாதம் ஏவுகணைகள் பறந்தன. ஆயினும் அதே ஆண்டு ஜூலை முதல் நாள் இரு அரசுகளும் தத்தம் சிறைகளில் உள்ள மற்ற நாட்டினரின் பெயர்ப் பட்டியலைப் பரிமாறிக்கொண்டன. 2008-இல் செய்த ஒப்பந்தப்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் இது நடைபெறுகிறது. பாகிஸ்தான் தந்த அப்பட்டியலில் பெரும்பாலோர் மீனவர்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பது, அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அரசே தரும் சான்று. கரையில் காத்திருக்கும் மனைவிக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறென்ன இருக்க முடியும்?

முப்பத்தாறாம் விதி

1963-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 36-ஆம் விதி எளிய மனிதனுக்கு உரியது. வேற்று நாட்டான் ஒருவன் கைதானால், ‘உன் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குச் செய்தி அனுப்ப உனக்கு உரிமை உண்டு’ என்று அவனுக்குக் காலந்தாழ்த்தாமல் சொல்ல வேண்டும். அவன் விரும்பினால் செய்தி அனுப்ப வேண்டும். துணைத் தூதரக அதிகாரி சிறைக்குச் சென்று அவனைச் சந்திக்கலாம்; வழக்கறிஞரை ஏற்பாடு செய்யலாம். குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இவ்விதியை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2019 ஜூலை 17 அன்று 15-க்கு 1 என்ற வாக்கில் தீர்ப்புரைத்து, அவருக்கு விதித்த தண்டனையை மறு ஆய்வு செய்யுமாறு பணித்தது.

சிறைக்குச் செல்லாமலே சிறைப்பட்டவர்களும் உண்டு. என் தாய்மாமன் ஒரு கொத்தனார். வளைகுடா நாடு ஒன்றில் அவர் வேலை பார்த்த இடம் மூடப்பட்டு, ஏழு மாதச் சம்பளம் நின்றுபோயிற்று. பாஸ்போர்ட்டோ முதலாளியிடம். ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அந்த நாட்டின் விசா கொடுத்த அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும் என்றார் ஒருவர். விசா கொடுப்பது அந்த நாட்டாரின் அலுவலகம். அங்கே நம்மவரைக் காப்பது நம் நாட்டு அலுவலகம். இந்த வேறுபாடு எங்கள் தெருவில் பலருக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்தவன் நான் ஒருவனே ஆகையால், விண்ணப்பம் எழுதும் வேலை எனக்கு வந்தது. மாமாவின் பெயர், பாஸ்போர்ட் எண், வேலை செய்த இடம், சேர்ந்த நாள், வராத சம்பளம் என்று வரிசையாக எழுதி அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பினோம். வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ‘மதத்’ என்னும் இணையதளத்திலும் பதிவு செய்தோம்.

ஒரே நாளில் எல்லாம் நடந்துவிடவில்லை. அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகமும் குடிவரவு அலுவலகமும் இசைய வேண்டியிருந்தது. நம் தூதரகம் அங்கே கேட்கலாம், வாதாடலாம், ஆணையிட முடியாது. மூன்று மாதம் கழித்து ‘அவசரச் சான்றிதழ்’ ஒன்று கொடுத்து அவரை அனுப்பிவைத்தார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்கு ஒருமுறை திரும்பி வருவதற்கு மட்டும் பயன்படும் தாள் அது. சம்பளத்தில் பாதிதான் கிடைத்தது. “எழுதப் படிக்கத் தெரியாத நம்ம பேரையும் ஒரு ஆபீசர் பேரேட்டில எழுதி வச்சிக் கூப்பிட்டாரு மாப்ள” என்று மாமா சொன்னார். ஒரு நாட்டின் குடிமகனாக இருப்பது என்றால் என்ன என்பதை நான் எந்தப் பாடநூலிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

துணைத் தூதரகத்தால் முடியாதவையும் பல. அயல்நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை அது மாற்ற முடியாது. கடனை அடைக்க முடியாது. குற்றவாளியைச் சிறையிலிருந்து மீட்டுவர முடியாது. ஆனால் இக்கட்டில் சிக்கியவர்களுக்குத் தங்குமிடம், பயணச் செலவு, சட்ட உதவி ஆகியவற்றை அளிக்கவும், இறந்தோரின் உடலை ஊருக்கு அனுப்பவும் ‘இந்தியச் சமுதாய நல நிதி’ என்று ஒன்று 2009-இல் ஏற்படுத்தப்பட்டுள்ளது. வேலைக்காக வெளிநாடு செல்வோர் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் நகலை வீட்டில் ஒன்று வைத்துச் செல்ல வேண்டும். செல்லும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தனி ஒருவருக்குத் திறக்கும் வாசல், சில வேளைகளில் ஊர் முழுவதற்கும் திறக்கிறது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது அங்கே ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் சிக்கினர். அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஐ. கே. குஜ்ரால் பாக்தாத் சென்று சதாம் உசேனைச் சந்தித்தார். மக்கள் தரைவழியே ஜோர்டான் நாட்டு அம்மான் நகருக்கு வந்தனர். அங்கிருந்து 59 நாள்களில் 488 விமானப் பயணங்களில் தாயகம் சேர்க்கப்பட்டனர். ஈராக்கோடும் ஜோர்டானோடும் நமக்குப் பல்லாண்டுகளாக இருந்துவந்த உறவு அன்று கைகொடுத்தது. ஆபத்து வந்தபின் தேடினால் உறவு கிடைக்காது; அமைதிக் காலத்தில் வளர்த்து வைத்ததே ஆபத்தில் உதவும்.

முடிவுரை

1976-இல் சீனாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டவர் கே. ஆர். நாராயணன். கேரளத்து உழவூரில் ஓலைக் குடிசையில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, பள்ளிக்கு மைல் கணக்கில் நடந்து சென்று படித்தவர். 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவரானவர். வெளியுறவுப் பணிக்கு ஆள் எடுப்பது மத்தியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் வழியாகவே. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் அதை எழுதலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் நமக்கும் அந்தக் கதவு அடைக்கப்படவில்லை.

தூதரகத்தின் வாசலில் பறக்கும் கொடியைப் பார்த்து ஒரு நாட்டின் பெருமையை அளப்பது வழக்கம். என்னைக் கேட்டால், அந்த வாசலில் வந்து நிற்கும் கூலித் தொழிலாளியை உள்ளே அழைத்து ‘உட்கார்’ என்று சொல்வதில்தான் அந்தப் பெருமை இருக்கிறது. பெரிய இடத்துச் சங்கதி என்று ஒதுங்கி நிற்காமல் அதனைக் கற்றறிவோம். கல்லாத நம் உறவினர்க்கும் எடுத்துரைப்போம். நம்முள் சிலரேனும் நாளை அந்த வாசலின் உட்புறம் அமர்ந்து அவர்களை வரவேற்கும் நிலைக்கு உயர்வோமாக!